மலையை வெட்டாமல் ஒரு வீடு: தாப்பாச் சரிவில் கட்டிய அனுபவம்

மனையைக் காட்ட அம்மாவைக் கூட்டிப்போன அன்று, சாலையோரத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதுல கால எங்கடா ஊன்றது?"

அதற்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

மனை இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தாப்பா டவுனைத் தாண்டி, கேமரன் மலைக்கு ஏறும் பக்கம். பழைய ரப்பர் தோட்டம். மரங்களைச் சாய்த்துத் துண்டு போட்டு விற்றபோது தட்டையான மனைகள் முதலில் போய்விட்டன. இது கடைசிவரை நின்றது. சாலை மேலே, கிழக்குப் பக்கம். அங்கிருந்து நிலம் மேற்கே இறங்குகிறது. சாலையோரம் 40 அடி அகலம், கீழ்நோக்கி 75 அடி நீளம், மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 32 அடி உயர வித்தியாசம். 2021இல் பக்கத்துத் தட்டை மனையின் விலையில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வாங்கினோம். அம்மா, நான், மனைவி, மகள், மகன் என்று ஐந்து பேர் இருக்க வேண்டிய வீடு.

என் தொழில் வயரிங். இருபது வருடமாகத் தாமான் வீடுகளில், அதாவது ஒரே அச்சில் வரிசையாகக் கட்டிய குடியிருப்புகளில், ஏறி இறங்குகிறேன். எல்லா வீட்டிலும் நடப்பது ஒன்றுதான். குடிவந்த முதல் வருடம் பின்பக்கத்து வெற்றிடத்தை மூடிச் சமையலறையை நீட்டுவார்கள். காற்று வந்துபோன வழி அதோடு அடைபடும். அடுத்த வருடம் ஏ.சி. பாயிண்ட் போட என்னைக் கூப்பிடுவார்கள். அதற்கடுத்த வருடம் இன்னொரு அறைக்கு. நாங்கள் வாடகைக்கு இருந்த வரிசை வீடும் அப்படித்தான் இருந்தது. மாதம் 520 யூனிட் ஓடியது. 2025 ஜூன் வரை இருந்த கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100க்கு 33.4 சென், அதற்கு மேல் 600 வரை 51.6 சென். அப்படிப் பார்த்தால் 520 யூனிட்டுக்கு 190 வெள்ளி (ரிங்கிட்). அதில் 113 வெள்ளி கடைசி 220 யூனிட்டுக்கு மட்டும் போனது. இரவில் இரண்டு அறையைக் குளிரவைத்த செலவு அது. வெயிலை உள்ளே விட்டுவிட்டு, அதை வெளியேற்ற மாதாமாதம் காசு கட்டுகிறோம் என்பது பில்லைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நான் பிறந்தது லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசைக் குடியிருப்பில். தூண்மேல் நின்ற பலகை வீடு. கீழே நாங்கள் விளையாடுவோம், கோழி அடையும், விறகு காயும். அந்த வாழ்க்கையை நான் உயர்த்திப் பேசவில்லை. ஒரே அறை, அடுப்புப் புகை, மழைக்கு ஒழுகும் கூரை, தண்ணீருக்குப் பீலிக்கரையில், பொதுக் குழாயடியில், வரிசை. ஆனால் தரையை விட்டு மேலே நின்றது, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது, இந்த இரண்டும் இந்த ஊர் வெயிலுக்குச் சரியான ஏற்பாடு. கான்கிரீட்டுக்கு மாறியபோது நாம் விட்டுவிட்டது அதைத்தான்.

அளந்த ஒரு வருடம்

முதல் வருடம் ஒரு செங்கல்கூட இறக்கவில்லை. உறவுக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் செலவான காசு மிகக் குறைவு. வீட்டைத் தீர்மானித்தது அந்த வருடம்தான்.

சரிவை அளக்க 60 அடி ஒளிபுகும் ரப்பர் குழாய் வாங்கினேன். தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை மகள் மேலே ஒரு மூங்கிலோடு சேர்த்துப் பிடிக்க, மறுமுனையை நான் கீழே பிடித்தேன். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த இடத்தில் மூங்கிலில் கோடு போட்டு, தரைவரை அளந்தால் உயர வித்தியாசம் வந்துவிடும். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் கணக்கு அத்தனையும் தப்பு, அதனால் நிரப்பும்போது தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும். ஐந்தடிக்கு ஒரு குச்சி நட்டு, மனை முழுக்க அளந்தோம். சராசரி 23 டிகிரி வந்தது. இது முக்கியமான எண். நம் நாட்டில் சரிவு நிலத்தை வகைப்படுத்தும்போது 15 முதல் 25 டிகிரி வரை இரண்டாம் வகுப்பு, 25 முதல் 35 வரை மூன்றாம் வகுப்பு, 35க்கு மேல் நான்காம் வகுப்பு. 25ஐத் தாண்டினால் அனுமதிக்கான ஆய்வும் நிபந்தனையும் வேறு மாதிரி. எங்கள் மனையின் தென்மேற்கு மூலையில் ஓர் இடம் 28 டிகிரி இருந்தது. அந்த மூலையைத் தொடுவதில்லை என்று அன்றே முடிவு.

மண்ணைப் பார்க்க ஈப்போவிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். வயதில் எனக்குத் தங்கை மாதிரி. மண்ணின் கெட்டியை அளக்கும் மெக்கிந்தோஷ் கம்பியை நாலு இடத்தில் இறக்கினார். 5 கிலோ சுத்தியல் 28 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும். கம்பி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை தட்டு என்று எண்ண வேண்டும். 400 தட்டுக்கும் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். மேல்பக்கம் 11 அடியில் நின்றது, கீழ்ப்பக்கம் 17 அடியில். தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல் மலை. அந்தக் கல் காலங்காலமாக நைந்து உருவான செம்மண்தான் எங்கள் மண். காய்ந்திருக்கும்போது கடப்பாரை ஏறாது. தண்ணீர் குடித்துவிட்டால் அதே மண் வேறொன்றாகிவிடும். "அண்ணே, இந்த மண்ணோட பலம் பாதி மண்ணுல இருக்கு, பாதி அது காய்ஞ்சிருக்கிறதுல இருக்கு" என்றார் பொறியாளர். அதை எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவைத்தேன்.

அதனால் மழையில் போய் நின்றேன். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பரில் மாலை மழை கொட்டும். ஏப்ரலிலும் ஒரு சுற்று உண்டு. குடை பிடித்துக்கொண்டு மனையின் நடுவில் அரை மணி நேரம் நின்றால் வரைபடத்தில் இல்லாத பலதும் தெரியும். எங்கள் மனையில் மழை நின்ற பிறகும் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் சிறிய ஓடையாக வந்துகொண்டிருந்தது. பின்தொடர்ந்து மேலே ஏறினால் சாலையோர வடிகாலில் ஒரு விரிசல். சாலைத் தண்ணீர் முழுக்க அங்கே கசிந்து எங்கள் சரிவுக்குள் போகிறது. படம் எடுத்துப் புகார் கொடுத்தேன்; நாலு மாதம் கழித்துப் பூசினார்கள். வீடு கட்டிய பிறகு அதைக் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

வெயிலுக்கு ஓர் ஆறடிக் கம்பி நட்டேன். தாப்பா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாலு டிகிரிதான். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் உச்சிவேளையில் கம்பிக்கு நிழலே இல்லை. ஜூனில் உச்சி வெயில் வடக்கே சாய்ந்து 71 டிகிரி உயரத்தில் நிற்கிறது. டிசம்பரில் தெற்கே சாய்ந்து 62 டிகிரி. நம் கடிகாரத்தில் உச்சி என்பது 12 மணி இல்லை, ஏறக்குறைய 1:15. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் மணியை அரை மணி நேரம் முன்னே தள்ளி சாபா, சரவாக்கோடு சேர்த்தார்கள். அம்மா இன்னும் "பழைய மணி" என்று சொல்வது அதைத்தான். வீடு கட்டுகிறவனுக்கு இந்தக் கணக்கு வேண்டும். மாலை 5:15க்குக்கூட வெயில் 30 டிகிரி உயரத்தில் இருக்கும். வடக்கு, தெற்குச் சன்னலுக்கு மூன்றடி இறவாரம் போதும், டிசம்பர் உச்சியில் ஐந்தரை அடி நிழல் விழும். மேற்குச் சன்னலில் நாலடி உயரத்துக்கு அந்த 5:15 வெயிலை மறைக்க வேண்டுமென்றால் ஏழடி இறவாரம் வேண்டும். எங்கள் மனையிலோ பள்ளத்தாக்கும் செம்பனைக் காடும் தெரிகிற அழகான பக்கம் அந்த மேற்குதான்.

காற்றைக் காட்டிக்கொடுத்தது அம்மாவின் சாம்பிராணி. மனையின் மேல் மூலையில் தோட்டக் காலத்துக் காவல் தெய்வமான முனி ஒன்று, ஒரு கல், மஞ்சள் துணி. வீடு எழும்வரை விளக்கு அணையக்கூடாது என்று அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். ஒருநாள் அந்தி மங்கி ஏழரை மணி. இலை அசையவில்லை, காற்றே இல்லை என்றுதான் நினைத்தேன். அவர் தூபக்காலைத் தரையில் வைத்தார். புகை முழங்கால் உயரம் எழும்பியது, அப்படியே மடங்கியது, தண்ணீர் ஊற்றியதுபோல் தரையை ஒட்டிச் சரிவில் இறங்கிப் போனது. நான் அதன் பின்னாலேயே இருபதடி நடந்தேன். அது கலையவே இல்லை.

அடுத்த வெள்ளி ஒரு மூங்கிலில் ஓரடி, நாலடி, எட்டடி உயரங்களில் ஊதுபத்தி கட்டினேன். எட்டடியில் புகை நேராக மேலே போனது. நாலடியிலும் ஓரடியிலும் கீழ்நோக்கிச் சாய்ந்தது. வெயில் இறங்கியதும் மேலே மலைக்காட்டில் குளிரும் காற்று கனமாகி, தரையோடு ஒட்டிப் பள்ளத்துக்கு வழிகிறது. காலை பதினொரு மணிக்குச் சோதித்தால் தலைகீழ்: சூடேறிய சரிவில் காற்று கீழிருந்து மேலே ஏறும். மழையில்லாத பதினொரு வெள்ளிக்கிழமை பார்த்தேன், ஒன்பது நாள் இதே கதைதான். ராத்திரியில் இலவசமாகக் குளிர்காற்று வந்துகொண்டிருக்கிறது. ஆனால் தரையிலிருந்து நாலடிக்குள் வருகிறது. அதன் குறுக்கே சுவர் எழுப்பினால் போச்சு.

வெட்டுவதா, இறங்குவதா

முதலில் பேசிய ஒப்பந்தக்காரரின் யோசனை எளிமையானது. மேல்பக்கம் பத்தடி வெட்டு, வெட்டிய மண்ணைக் கீழே கொட்டித் தட்டையாக்கு, இரண்டு பக்கமும் தடுப்புச் சுவர், நடுவில் தாமான் வீடு மாதிரி ஒரு வீடு. "எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க" என்றார். வெட்டிய பக்கம் மலை, நிரப்பிய பக்கம் இன்னும் அமுங்கப்போகிற மண், வீட்டின் பாதி ஒன்றின்மேல், பாதி மற்றதன்மேல். பத்தடிச் சுவருக்கும் கம்பிக்கும் ஆகும் காசில் பாதி வீடே எழும்பும். இரவுக் காற்று அந்தச் சுவருக்கு மேலேயே போய்விடும்.

நாங்கள் இன்னும் முடிவெடுக்காத நேரத்தில், 2022 டிசம்பர் 16 விடியற்காலை பத்தாங்காலியில் முகாம் தளத்தின்மேல் மலை சரிந்து 31 உயிர் போனது. என் மனைவி அன்று முழுக்கத் தொலைக்காட்சி முன்னாலிருந்து எழவில்லை. ராத்திரி "நெலத்த வித்துடலாங்க" என்றாள். அவள் பயம் எனக்கும் இருந்தது. 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் விழுந்து 48 பேர் இறந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன்; அதற்கும் பின்பக்கச் சரிவில் தண்ணீர் சரியாக வடியாமல், தடுப்புச் சுவர்கள் சரிந்ததுதான் காரணம் என்று படித்திருக்கிறேன். மறுவாரம் பொறியாளரிடம் போய் உட்கார்ந்தோம். அவர் பூசி மெழுகவில்லை. "அக்கா, இது கட்டக்கூடாத நெலம் இல்ல. நான் வரையறத மீறாம கட்டணும். வெட்டு நாலடிக்கு மேல போகக்கூடாது, புது மண்ணு கொட்டவே கூடாது, விழுற ஒரு சொட்டுத் தண்ணிகூட மண்ணுக்குள்ள சும்மா போகக்கூடாது." மனைவி அந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு, மூன்றும் எழுத்தில் வேண்டும் என்றாள். எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம்.

வரைந்தது நான், திருத்திக் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டது அவர். வீட்டுக்கு 22 அடி அகலம் கிடைத்தது. சாலையிலிருந்து 15 அடி தள்ளி ஆரம்பம். சாலை மட்டத்தில் மேல்தளம், 20 அடி நீளம்: கூடம், சமையலறை, அம்மாவின் அறை, ஒரு கழிவறை. அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் வாழ்நாளில் ஒரு படிகூட இறங்க வேண்டாம் என்பது என் பிடிவாதம். அதற்குப் பத்தடி கீழே அடித்தளம், 30 அடி நீளம்: எங்கள் அறை, பிள்ளைகள் இருவரின் அறைகள், படிக்கும் மூலை. அடித்தளம் மேல்தளத்தைவிடப் பத்தடி முன்னால் நீள்கிறது. அந்தப் பத்தடியின் கூரைதான் மேல்தளத்துக்கு மேற்குத் திண்ணை. வெட்டு மேல்விளிம்பில் மட்டும், அதுவும் மூன்றரை அடி சொச்சம். அங்கிருந்து நிலம் இறங்க இறங்கத் தூண்கள் நீண்டு, மேற்கு விளிம்பில் ஒன்பதடித் தூண்மேல் வீடு நிற்கிறது. தூண்களைக் கெட்டியான அடுக்குவரை இறக்கி, ஒன்றோடொன்று உத்திரத்தால் கட்டியிருக்கிறோம்.

நீளவாட்டம் கிழக்கு மேற்காகப் போனதால் நீளமான சுவர் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. வெயிலுக்கு இதைவிட நல்ல திசை கிடையாது. சரிவே அப்படித் திருப்பிவிட்டது, நான் ஒப்புக்கொண்டேன் அவ்வளவுதான். மேற்கில் மேல்தளத்துக்குப் பத்தடித் திண்ணை வந்துவிட்டது. 5:15 வெயிலுக்குச் சுவரில் ஒன்றே முக்கால் அடி உயரம் வரைதான் வெயில் ஏறும். அதற்குப் பிறகு மூங்கில் தட்டியை இறக்கிவிடுவோம். அடித்தளத்தின் மேற்குப் பக்கம் குளியலறையும் படிக்கட்டும் துணி மடிக்கும் இடமும். படுக்கையறை எதுவும் மேற்குச் சுவரைத் தொடவில்லை. காட்சி வேண்டுமென்றால் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம், தூங்கும் அறைக்கு அது தேவையில்லை.

சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த 15 அடிப் பள்ளம்தான் பெரிய வாக்குவாதம். அதை மண் போட்டு நிரப்பிக் கார் நிறுத்தலாம் என்று பார்த்தவரெல்லாம் சொன்னார்கள். சாம்பிராணிப் புகை இறங்கிய வழி அதுதான். அதை நிரப்பவில்லை. பதினொரு அடி அகலத்தில் ஒரு கான்கிரீட் பாலம் போட்டோம், காரும் மனிதரும் அதன்மேல்தான். மீதி திறந்தே கிடக்கிறது. இரவில் சரிவுக் காற்று பாலத்துக்கு அடியிலும் பக்கத்திலும் இறங்கி, அடித்தளத்தின் கிழக்குச் சுவரில் மண்மட்டத்துக்கு மேலே வைத்த கண்ணாடிப் பட்டைச் சன்னல்கள் வழியாக நேராகப் படுக்கையறைக்குள் வருகிறது. பாலத்துக்குக் கூடுதலாக ஆன செலவு 9,000 வெள்ளி. இந்த வீட்டில் நான் செலவழித்ததில் ஒரு காசும் வருத்தமில்லாத 9,000 வெள்ளி அது.

சன்னலுக்குத் தரைப்பரப்பில் 10 சதவீதம், அதில் பாதி திறக்க வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டின் கட்டட விதி. அது குறைந்தபட்சம். நாங்கள் படுக்கையறைகளில் 25 சதவீதம் வைத்து, அத்தனையும் திறக்கும்படி செய்தோம். படிக்கட்டுக் கூடு அடித்தளத்திலிருந்து கூரை முகடுவரை திறந்திருக்கிறது. முகட்டில் சிறிய மேல்கூரை, அதன் பக்கவாட்டில் காற்றுத் திறப்பு. கீழ்ச் சன்னலுக்கும் முகட்டுக்கும் 22 அடி. உள்ளே வெளியே வெப்ப வித்தியாசம் 2 டிகிரி இருந்தால் கணக்குப்படி நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்று மேலே இழுக்கும். சிலர் இதையே பெரிய மந்திரமாகச் சொல்வார்கள். நம் ஊரில் அந்த 2 டிகிரிக்கு மேல் கிடைப்பதில்லை. குறுக்குக் காற்று இல்லாத வீட்டை இது காப்பாற்றாது. அசைவில்லாத ராத்திரியில் கைகொடுக்கும்.

ஒரே நாளில் வெட்டிய பள்ளம்

மண்வேலையை ஜூன் கடைசியில் தொடங்கினோம், மழை குறைவான மாதம் என்று. அடித்தளத்தின் மேல்சுவருக்கு 22 அடி நீளத்தில் வெட்ட வேண்டும். துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டில் சுவர் எழுப்பிய பிறகே அடுத்ததை வெட்ட வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதியிருந்தது. நான் பீடோரில் ஒரு வேலையில் இருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மண்வேலைக்காரர்கள் 22 அடியையும் ஒரே நாளில் செங்குத்தாக வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மேலே மூடக்கூட இல்லை. ஆறு மணிக்கு மழை வந்தது.

ராத்திரி டார்ச்சோடு போனேன். வெட்டின விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, விளிம்புக்கு இணையாக, மூன்று விரல் அகலத்தில் ஒரு விரிசல். டார்ச்சை உள்ளே அடித்தால் அடி தெரியவில்லை. அடியில் கசிந்த தண்ணீர் செக்கச் செவேலென்று இருந்தது. தண்ணீர் தெளிவாகக் கசிந்தால் அது வெறும் தண்ணீர். கலங்கலாக வந்தால் மண்ணும் கூடவே வருகிறது. பக்கத்து லயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை எழுப்பினேன். மலைத்தோட்டத்தில் ரப்பருக்குப் படிக்கட்டு வெட்டியே வாழ்ந்தவர். அவர் பார்த்த மாத்திரத்தில், "தம்பி, கான்வாசு இருக்கா? மொதல்ல வெடிப்ப மூடு, தண்ணி உள்ள போகக்கூடாது. அப்புறம் அடிய முட்டுக்குடு" என்றார். நான், மனைவி, மகள், அவர், நாலு பேருமாக விடியும்வரை வெடிப்பின்மேல் கான்வாஸ் போர்த்தி, அடியில் மணல் மூட்டை அடுக்கினோம். எண்பத்தாறு மூட்டை. காலை பத்து மணிக்கு ஏழடி நீளத்துக்கு ஒரு துண்டு கழன்று மூட்டைகள்மேல் சாய்ந்து நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

அந்தக் குழுவை நிறுத்திவிட்டேன். மீதி வெட்டைப் பெரியவர் சொன்னபடியே செய்தோம்: அஞ்சடி வெட்டு, அஞ்சடி விடு. வெட்டிய துண்டில் சுவர் எழும்பி இறுகிய பிறகு விட்டதை வெட்டு. ஐந்து வாரம் தாமதம். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்குச் சரளைக்கல், அடியில் துளையிட்ட குழாய், ஐந்தடிக்கு ஒரு கசிவுத் துளை. சுவருக்கு மேலே, சரிவுத் தண்ணீரை வழிமறிக்க ஒரு சிமெண்ட் வாய்க்கால். ரப்பர் தோட்டத்துப் படிகள் வெளிப்பக்கம் சாயாமல் மலைப்பக்கம் சாய்ந்திருக்கும், தண்ணீர் விளிம்பில் வழியாமல் உள்ளே ஓடி வடியும்; அந்த வாய்க்காலையும் அவர் அப்படித்தான் போடவைத்தார்.

கூரை, சுவர், தொட்டி

கூரை இளம்சாம்பல் நிற ஸிங்க் தகடு. அதன் கீழே அலுமினியத் தாள், பளபளப்புப் பக்கம் கீழ்நோக்கி, அந்தப் பக்கத்தில் ஓர் அங்குலக் காற்று இடைவெளி; மேல்நோக்கி வைத்தால் தூசு படிந்து நாளடைவில் பலன் குறைந்துவிடும். அதற்கடியில் 100 மில்லிமீட்டர் கண்ணாடி நார்ப் பஞ்சு. கூரையின் யூ மதிப்பு, அதாவது அது உள்ளே விடும் வெப்பத்தின் அளவு, 0.4க்குள் வர வேண்டுமென்றால் 50 மில்லிமீட்டர் போதாது, 100 வேண்டும். கடையில் எல்லோரும் 50 போதும் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை 1:15க்கு வெப்பமானி வைத்துப் பார்த்தேன்: ஸிங்கின் அடிப்பக்கம் 58 டிகிரி, பஞ்சுக்குக் கீழே உட்கூரை 33. மழைச் சத்தமும் பாதியாகிவிட்டது, அதை நான் எதிர்பார்க்கவில்லை.

சுவருக்கு லைட்வெயிட் பிளாக். செங்கல்லில் பாதி எடைகூட இல்லை. சரிவில் தூண்மேல் நிற்கும் வீட்டுக்கு அதுவே பெரிய உதவி. வெப்பமும் மெதுவாகத்தான் ஏறும். ஆணி அடிக்கும்போது தனி பிளக் வேண்டும், வேறு குறை தெரியவில்லை.

சரிவு நிலத்தின் இன்னொரு லாபம் தண்ணீர். கூரைப் பரப்பு 850 சதுர அடி. ஓர் அங்குலம் மழை பெய்தால் 2,000 லிட்டர். பாலத்தின் பக்கத்தில், சாலை மட்டத்தில், தனித் தூண்கள்மேல் 2,000 லிட்டர் தொட்டி. அதிலிருந்து அடித்தளத்துக் கழிவறைகளுக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் பம்பு இல்லாமலே தண்ணீர் இறங்குகிறது. பத்தடி உயரத்துக்கு 0.3 பார் அழுத்தம். கழிவறைத் தொட்டி நிறையக் கொஞ்ச நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளலாம். துவைக்கும் இயந்திரத்துக்குக் குறைந்த அழுத்தத்தில் வேலைசெய்யும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். தொட்டி நிறைந்து வழிவது குழாய்வழி நேரே வடிகாலுக்கு. அது மண்ணில் விழுந்தால் எல்லாக் கவனமும் வீண்.

செப்டிக் டாங்கியை மனையின் அடியில் வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். கழிவு உறிஞ்சும் லோரி நிற்பது மேலே, சாலையில். உறிஞ்சு குழாய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நடைமுறையில் ஏழெட்டு மீட்டருக்கு மேல் தூக்காது, அது காற்றழுத்தத்தின் எல்லை. மனையின் அடி 32 அடி ஆழம், பத்து மீட்டருக்குக் கிட்ட. அதனால் டாங்கியை வீட்டின் வடபக்கம் நடுச்சரிவில் வைத்தோம். டாங்கி அடியிலிருந்து சாலைவரை 19 அடி, ஆறு மீட்டருக்குள். மலைச்சரிவில் கட்டப்போகிறவர்கள் இதை வரைபடக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள்.

கீழே மிஞ்சிய 30 அடிச் சரிவில் வெட்டிவேர் நட்டிருக்கிறோம். உலகம் முழுக்க மண்ணரிப்பைத் தடுக்க நடும் இந்தப் புல்லை ஆங்கிலத்திலும் நம் பேராலேயேதான் கூப்பிடுகிறார்கள். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேர் கீழே இரண்டு மூன்று மீட்டர் இறங்கும். சம உயரக் கோட்டில் அரையடிக்கு ஒரு தூர், நாலடி இறக்கத்துக்கு ஒரு வரிசை. மேலே பாலத்தடியிலும் ஒரு வரிசை உண்டு, அது அம்மா தன் கையால் நட்டது. படி இறங்க விடமாட்டேன் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

இப்போது

2024 மார்ச்சில் பால் காய்ச்சினோம். பகலில் வெளியே 33 டிகிரி என்றால் அடித்தளத்தில் 29. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் 25. மின்விசிறிகள் எல்லாம் டி.சி. மோட்டார், அதிக வேகத்தில் 30 வாட். பழையவை 70 வாட் இழுத்தன. ஏ.சி. ஒன்றே ஒன்று, அம்மாவின் அறையில், அதுவும் ஏப்ரல், மே வெக்கைக்கு. முதல் வருடச் சராசரி மாதம் 260 யூனிட். பழைய கட்டணத்தில் 63 வெள்ளி சொச்சம்: யூனிட் பாதியானது, பில் மூன்றில் ஒன்றானது, ஏனென்றால் விலை கூடிய மேல்படிக்கே நாங்கள் போகவில்லை.

தீராத ஒன்று இருக்கிறது. மகளின் படிக்கும் மூலை, மண்ணைத் தொடும் மூன்றரை அடிச் சுவரை ஒட்டி இருக்கிறது. போன நவம்பரில் அங்கே வைத்த புத்தகங்களின் முதுகில் வெள்ளைப் பூஞ்சை. முதலில் வெளியிலிருந்து கசிகிறது என்று நினைத்துக் கசிவுத் துளைகளைப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக, ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு கண்ணாடித் துண்டைச் சுவரில் ஓரங்களை அடைத்து ஒட்டிவைத்தேன். இரண்டு நாள் கழித்து ஈரம் கண்ணாடிக்கு வெளிப்பக்கம், அறைப்பக்கம் இருந்தது. அப்படியென்றால் சுவர் ஒழுகவில்லை. மண் குளிர்ச்சியில் சுவர் குளிர்ந்து, அறைக் காற்றின் ஈரம் அதில் வேர்க்கிறது. அலமாரியைச் சுவரைவிட்டு மூன்றங்குலம் நகர்த்தி, அடியிலும் மேலும் திறந்துவிட்டேன். இரவில் அந்தப் பக்கத்துச் சன்னலின் கீழ்ப்பட்டை மட்டும் மூடுகிறோம், ஈரக்காற்று நேராகச் சுவரில் மோதாமலிருக்க. இந்த நவம்பர் மழையில் புத்தகங்களைத் திரும்ப அங்கே வைத்துப் பார்க்க வேண்டும். மகள் இப்போதைக்கு அவற்றைப் பாட்டியின் அறையில் அடுக்கி வைத்திருக்கிறாள்.